ஒரு வாய்த் தண்ணீர்

எங்கள் சின்னண்ணன் யாரையும் எடுத்த எடுப்பில் முகத்தைப் பார்க்கமாட்டார். முதலில் தோளைப் பார்ப்பார். அது ஏறி இறங்குகிறதா, வாய் திறந்திருக்கிறதா, மூச்சு மூக்கில் போகிறதா வாயில் போகிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் கண்ணுக்கு வருவார். "இன்னா, தம் இருக்குதா?" இதுதான் அவர் யாரைக் கண்டாலும் கேட்கிற முதல் கேள்வி. ஒருமுறை சாவு வீட்டில் தேம்பிக்கொண்டிருந்த ஆளிடமும் வாய் தவறி இதையே கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அண்ணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆம்பூரில் பாலாற்றங்கரையை ஒட்டி எங்கள் தெரு. தெருவில் பாதிப் பேருக்குத் தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடுகிற இடத்துக்கு எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் பெயர். சின்னண்ணன் சுண்ணாம்புத் தொட்டியில் இருந்தார். பச்சைத் தோல்களைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு, நாள்தோறும் மேலே இழுத்துப் போட்டு, மறுபடியும் உள்ளே தள்ளவேண்டும். ஊறிய மாட்டுத்தோலைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். நான் அதே ஷாப்பில், தோலிலிருந்து வழித்தெடுத்த ஆட்டுமுடியை அலசிக் காயவைக்கிற பெண்களோடு இருந்தேன். வீட்டுக்கு வந்து எத்தனை முறை குளித்தாலும் நகக்கண்ணில் ஒரு முடியாவது இருக்கும். சோற்றில் கிடக்கும், படுக்கையில் கிடக்கும். ஆட்டுமுடியை எங்கே கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

நாற்றத்துக்கு மற்ற ஆண்கள் பீடி குடித்தார்கள். சாயங்காலம் ஆனால் வேறு ஒன்றும் குடித்தார்கள். சின்னண்ணன் எதையும் தொடமாட்டார். ரயிலடியில் அப்போதுதான் ஒரு டீக்கடை வந்திருந்தது. அந்தப் பக்கம்கூடப் போகமாட்டார். களியும் கீரையும், ஊறவைத்த கடலையும், கோழி மனது வைத்தால் ஒரு முட்டையும்தான் அவர் சாப்பாடு. சுண்ணாம்புத் தொட்டியின்மேல் குனிந்து நிற்கும்போதும் வாயை இறுக மூடி மூக்கால்தான் மூச்சு விடுவார். "மூக்குதான் வாசப்படி, வாய் கொல்லப்பக்கம். மூச்சு வாசப்படி வழியாத்தான் வரணும், போவணும்" என்பார். வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் தாடையைத் தட்டி எழுப்பிவிடுவார். அவரோடு ஒரே வீட்டில் இருப்பது பெரிய பேஜார்.

அவருக்குக் கம்பு சுற்றத் தெரியும். ஆனால் அவர் சுற்றுவதைப் பார்த்து யாரும் அசந்துபோனது கிடையாது. அசந்துபோகிற மாதிரிச் சுற்றியவர் எங்கள் பெரியண்ணன். அவர் கையில் போனால் கம்பு கண்ணுக்கே தெரியாது, காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். வேலூரிலிருந்தெல்லாம் வந்து பார்ப்பார்கள். அந்தப் பெருமையில் அவருக்கு வயிறு வளர்ந்தது, பீடி வந்தது. விடியற்காலையில் எழுந்து தண்டால் எடுக்கிற தம்பியைப் பார்த்துச் சிரிப்பார். "கையில வித்த இருக்கறவனுக்குக் கசரத்து எதுக்குடா?" என்பார்.

ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மனுக்குத் தேர். தேருக்கு முன்னால் கம்பு சுற்றிக்கொண்டு போக எங்கள் தெருவுக்கும் உரிமை உண்டு, மேட்டுத் தெருவுக்கும் உரிமை உண்டு. யார் முன்னால் போவது என்பதைத் தேர் நாள் காலையில் கோயில் மைதானத்தில் தீர்ப்பார்கள். தெருவுக்கு ஓர் ஆள். கம்பு முனைகளைச் சுண்ணாம்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டு ஆடவேண்டும். யார் உடம்பில் வெள்ளைப் பொட்டு ஜாஸ்தியோ அவர் தெரு அந்த வருஷம் தேருக்குப் பின்னால் போகவேண்டும். கழுத்துக்கு மேலே அடிக்கக்கூடாது என்பது சட்டம். களைத்துப்போன இரண்டு பேர் கையில் கம்பு இருக்கும்போது அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நாங்கள் எங்கள் வீட்டிலேயே பார்த்தோம்.

அந்த வருஷம் மேட்டுத் தெருவுக்காக வந்தவன் ஜோலார்பேட்டையில் ரயில் இன்ஜினுக்குக் கரி தள்ளுகிறவன். ஆள் பார்க்க அப்படி ஒன்றும் பெரியவன் இல்லை. பெரியண்ணன் எடுத்த எடுப்பில் அவன்மேல் பொட்டாக வைத்தார். கூட்டம் சிரித்தது. அப்புறம் பெரியண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கம்பு தாழ்ந்தது. கரிக்காரன் தோளுக்குத்தான் வீசினான், எல்லோரும் பார்த்தோம். அந்த நேரம் பெரியண்ணன் மூச்சுக்காக இடுப்பில் கை வைத்துக் குனிந்தார். அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார்.

தெருவே கத்தி, கம்போடு கிளம்பியது. சின்னண்ணன்தான் வாசலில் குறுக்கே நின்றார். "அவன் மேல கையி வெக்காதீங்க. அவன் அடிக்கல. அண்ணனுக்குத் தம்மு வுட்டுட்ச்சி, அவ்ளோதான்" என்றார். சொந்தத் தம்பி பேசுகிற பேச்சா இது என்று என் காதுபடவே கேட்டார்கள். எனக்கும் அன்றைக்கு அவர்மேல் ஆத்திரம்தான். பிணத்தின் பக்கத்தில் அழாமல் உட்கார்ந்து, ஏறி இறங்காத அந்த நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தார். காரியம் முடிந்த மறுநாள் விடியலில் பாலாற்று மணலில் ஓட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் ஓடாத காலை என்று எனக்கு ஞாபகம் இல்லை.

தனியாக ஓடியிருந்தால் அவரோடு போயிருக்கும். தெருவில் கம்பு எடுக்கிற அத்தனை பேரையும் ஓடவைத்தார். கோயில் மைதானத்தில் கிளம்பி, ஆற்று மணலைக் கடந்து, அக்கரை நாவல் மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சும்மா ஓடினால் போதாது. கிளம்பும்போது வாய் நிறையத் தண்ணீர் கொடுப்பார். போய் வருகிறவரைக்கும் அந்தத் தண்ணீர் வாயிலேயே இருக்கவேண்டும். திரும்பி வந்து அவர் முன்னால் கிண்ணத்தில் துப்பவேண்டும். துப்பத் தண்ணீர் இல்லாதவனுக்கு அன்றைக்குக் கம்பு கிடையாது. விழுங்கியிருந்தாலும் சரி, வழியில் கொப்பளித்திருந்தாலும் சரி, அவன் வாயால் மூச்சு விட்டிருக்கிறான், வீட்டுக்குப் போகலாம்.

கன்னியப்பன் என்று ஒருவன். பெரியண்ணனுக்குப் பிறகு எங்கள் தெருவில் கை வித்தை அவனுக்குத்தான். ஓட்டம் என்றால் மட்டும் ஆகாது. ஆனால் நாள் தவறாமல் வாய் நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்து ஜம்மென்று துப்புவான். மூச்சு மட்டும் புஸ்புஸ் என்று வரும். நடு ஆற்றில் பெண்கள் மணலைத் தோண்டித் தண்ணீர் எடுக்கிற ஊற்றுகள் இருக்கின்றன. கரையின் வளைவு மறைப்பதால் அவை மைதானத்திலிருந்து தெரியாது. ஒரு நாள் சின்னண்ணனுக்கு அது புரிந்துபோயிற்று. அன்று சாயங்காலம் அண்ணியிடம் ஆவாரம்பட்டையை இடித்து ஊறப்போடச் சொன்னார். தோலைச் சிவக்கவைக்கிற அதே பட்டை. அண்ணி வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தார். மறுநாள் எல்லோருக்கும் தண்ணீருக்குப் பதில் அந்தச் சிவந்த பட்டைத்தண்ணி. வாய் முழுக்கத் துவர்த்து நாக்கு ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் திரும்பி வந்து வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் சிவப்பாகத் துப்பினார்கள். கன்னியப்பன் மட்டும் ஊற்றுத் தண்ணீரைப் பளிங்காகத் துப்பினான்.

"இன்னா கன்னியப்பா, உன் வாயில வெளுத்துக்கூடக் குடுக்கறாங்களா?" என்று கேட்டார் சின்னண்ணன். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. கன்னியப்பன் கொஞ்ச நாள் தலை காட்டவில்லை. அப்புறம் வந்து ஒழுங்காக ஓடினான். அன்று முதல் பட்டைத்தண்ணிதான் சட்டம். கிண்ணம் பிடிக்கிற வேலையைக் கன்னியப்பனுக்கே கொடுத்தார்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பேரணாம்பட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். நல்ல நிறம், மில்லில் வேலை. பலகாரம் சாப்பிடும்போது அந்த மனிதர் வாயால் மூச்சு விட்டுவிட்டார். அவ்வளவுதான், இடம் தட்டிப் போயிற்று. "கொல்லப்பக்கமா மூச்சு வுடறவன நம்பி உன்ன எப்படிக் குடுக்கறது?" என்று என்னையே கேட்டார். எனக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். இனிச் சொல்லப்போவதெல்லாம் நடந்த பிறகு குடியாத்தத்திலிருந்து வந்த தறிக்காரரை நாவல் மரம் பார்த்துவிட்டு வரலாம் என்று மணலில் நடத்திக் கூட்டிப்போய், திரும்பி வந்ததும் தோளைப் பார்த்துத் தலையாட்டினார். அவரோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் செய்கிறேன், ஆகையால் அதைக் குறை சொல்ல முடியாது.

பெரியண்ணன் போன பிறகு ஒவ்வொரு தேருக்கும் எங்கள் தெருவுக்காக இறங்கியவர் சின்னண்ணன். வித்தை கம்மிதான். எதிராளி ஆடுவான், இவர் தடுத்துக்கொண்டே நடப்பார், அவனை நிற்கவிடமாட்டார். அவனுக்குத் தோள் ஏறி இறங்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு பொட்டாக, அடிக்காமல் தொட்டுத் தொட்டு வைப்பார். ஒருவனுக்கும் காயம் கிடையாது. எங்கள் தெரு தொடர்ந்து முன்னால் போனது. மேட்டுத் தெருக்காரர்களுக்கு அது தாங்கவில்லை. பெரியண்ணன் விழுந்த அன்றைக்குப் பிறகு கம்பையே தொடாமலிருந்த கரிக்காரனின் கையைக் காலைப் பிடித்து அழைத்து வந்தார்கள். வெற்றிலைத் தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

வெற்றிலை எடுத்தால் அந்த ஆள்தான் இறங்கவேண்டும், மாற்று ஆள் கிடையாது. அவர் இறங்காவிட்டால் தெரு ஆடாமலே தோற்றதாகக் கணக்கு. சின்னண்ணன் யாரையும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார். அப்போது அவர் உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பின்னால் முறைக்காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் உலுக்கும். கொய்னா மாத்திரை கொடுத்தார்கள், காது அடைத்துப்போய்ப் படுத்திருந்தார். காய்ச்சல் விட்டு எழுந்தபோது தொடையில் சதை இல்லை. தேருக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. எழுந்த மறுநாளே மணலுக்குப் போனார். யாரையும் கூட வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"வெத்தலதான எடுத்த, உசுரையா எழுதிக் குடுத்த?" என்று அண்ணி கேட்டார். "போய்ச் சொல்லு, ஒடம்பு சொகமில்லன்னு. ஊருக்கே தெரியும்."

"தம்மு வந்துடும்."

"வரலன்னா?"

"வந்துடும்னு சொல்றேன் இல்ல."

எங்கள் வீட்டுக்கு வாசலில் மூன்று படி. அதில் ஏறும்போது அவர் நடுப்படியில் நின்றார். கால் மண்ணைத் தட்டுகிற சாக்கில் நின்றார். அவரிடம் வளர்ந்தவள் நான், என் கண் தானாகவே அவர் தோளுக்குப் போனது. அது ஏறி ஏறி இறங்கியது. பெரியண்ணன் இடுப்பில் கை வைத்துக் குனிந்தது கண் முன்னால் வந்து நின்றது.

"அண்ணா, தம் இருக்குதா?" என்றேன்.

அவர் நேராக என் முகத்தைப் பார்த்தார். தோளைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்க்கவில்லை. "போயி வேலயப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தேர் நாள் காலையில் மைதானத்தில் இரண்டு தெருவும் கூடிவிட்டது. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெரு நாட்டாண்மைக்கு நிலைமை தெரியும். "இன்னிக்கி ஓட்டமெல்லாம் வாணாம்பா. இருக்கற தம்ம ஆட்டத்துக்கு வெச்சிக்கோ" என்றார். சின்னண்ணன் கேட்கவில்லை. ஓடித் துப்பாமல் நம் ஆள் யாரும் மைதானத்தில் இறங்கினது இல்லை, நானும் இறங்கமாட்டேன் என்றார். மூச்சு திரும்பிவிட்டது என்று அவர் வாயே சொன்னால் அவருக்குப் போதாது, அந்தக் கிண்ணம் சொல்லவேண்டும். அண்ணி வடிகட்டிய பட்டைத்தண்ணியை வாய் நிறைய வாங்கிக்கொண்டு கிளம்பினார். கன்னியப்பன் கிண்ணத்தோடு உட்கார்ந்தான்.

நான் அப்போது ஆற்று நடுவில் ஊற்றடியில் இருந்தேன். திருவிழா வீட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு எடுத்தாலும் பத்தாது. மற்றப் பெண்கள் மேளச் சத்தம் கேட்டுப் போய்விட்டார்கள். குடத்தில் பாதி மொண்டிருப்பேன், சின்னண்ணன் ஓடி வருவதைப் பார்த்தேன். போகும்போது ஓட்டம் ஓட்டமாகத்தான் இருந்தது. வாய் மூடியிருந்தது, கன்னம் உப்பியிருந்தது. நாவல் மரத்தைத் தொட்டுத் திரும்பினார். நான் மணலில் முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி மணல் வந்தார். அங்கே நின்றார். இருமினார். மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் பட்டைத்தண்ணி பீறிட்டு வந்து மணலில் விழுந்தது. தொடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்தார். அப்படியே வெகுநேரம் நின்றார்.

முடிந்தது, இனிமேல் இறங்கமாட்டார் என்று எனக்கு உயிர் வந்தது. தெரு தோற்கட்டும், தேருக்குப் பின்னால் என்ன, தேருக்கு அடியிலேயே போகட்டும் என்று நினைத்தேன்.

அவர் நிமிர்ந்தார். ஊற்றுப் பக்கம் வரவில்லை. ஊற்றுத் தண்ணீர் பளிங்காக இருக்கும், அந்தக் கதை அவருக்குத் தெரியாததா. கரையோரமாக நடந்தார். அங்கே ஷாப்புக் கால்வாய் ஆற்றில் வந்து விழுகிறது. தொட்டிகளில் ஊறிச் சக்கையான பட்டைத்தண்ணியும் சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்து செக்கச்சிவந்து ஓடும். மாடு அதில் வாய் வைக்காது. டீயைக்கூடத் தொடாத மனிதர் அந்தக் கால்வாயின் ஓரத்தில் மண்டியிட்டார். கையால் மொண்டார். வாயில் நிறைத்துக்கொண்டார்.

எழுந்து திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார். அவருக்கும் எனக்கும் நடுவில் கொஞ்சம் மணல்தான். நான் "அண்ணா" என்றேன். அவரால் பேசமுடியாது, வாய் நிறைந்திருந்தது. கண் மட்டும் என்னைக் கெஞ்சியதா மிரட்டியதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. திரும்பி மைதானத்தைப் பார்த்து ஓடினார்.

குடத்தை அப்படியே போட்டுவிட்டு நானும் ஓடினேன். மணல் காலை இழுத்தது, புடவை தடுக்கியது. இன்னொரு அண்ணன் பிணத்தின் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. வளைவைத் தாண்டுவதற்குள் எங்கள் தெருக்காரர்கள் போடுகிற கூச்சல் கேட்டது. துப்பிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கன்னியப்பன் கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். சிவப்புத் தண்ணீர் தளும்பியது. சின்னண்ணன் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கம்பு முனையைச் சுண்ணாம்பில் தோய்த்தார். எதிரே கரிக்காரன் தயாராக நின்றான். பெண்கள் அந்த வட்டத்துக்குள் கால் வைக்கிற வழக்கம் கிடையாது. நான் ஆண்களை இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"பொம்பளைக்கி இங்க இன்னா வேல?" என்றார் நாட்டாண்மை.

கன்னியப்பன் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினேன். எல்லோர் முன்னாலும் கத்திவிடத்தான் ஓடி வந்தேன். ஆனால் கிண்ணத்துக்குள் பார்த்ததும் கத்தத் தோன்றவில்லை. வெள்ளைப் பீங்கானின் ஓரத்தில், சிவப்புத் தண்ணீரில், கறுப்பாக ஒரு முடி வளைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஷாப்பில் நாள் முழுக்க நான் அலசுகிற முடி. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அண்ணா, இதுல ஆட்டுமுடி கெடக்குது. அண்ணி துணியில வடிகட்டித்தான் குடுத்தாங்க."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். மேளம் அடித்துக்கொண்டேயிருந்தது. யாரோ சீக்கிரம் ஆகட்டும் என்று கத்தினார்கள். இப்போது அவர் என் கையைத் தட்டிவிட்டு இறங்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கிண்ணத்திலிருந்து அவர் பார்வை மேலே வந்தது. என் தோளில் வந்து நின்றது. நான் வாயைத் திறந்துகொண்டு நாய் மாதிரி இளைத்துக்கொண்டிருந்தேன்.

"உனுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டார்.

"உன் பின்னாடியே ஓடியாந்தேன்."

அவர் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினார். தண்ணீரைத் தரையில் கொட்டினார். அப்புறம் மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார், மேளம் நின்றது.

"நான் பாதியிலயே துப்பிட்டேன்" என்றார், கூட்டம் முழுக்கக் கேட்கும்படியாக. "இது ஷாப்புக் கால்வாத் தண்ணி. எனுக்குத் தம்மு இல்ல. நான் எறங்கல."

கம்பைத் தரையில் வைத்தார். எறியவில்லை, குனிந்து வைத்தார்.

அதற்குப் பிறகு அங்கே கேட்ட வசவுகளை நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஆட்களே முன்னால் வந்து அவர் முகத்துக்கு நேரே காறித் துப்பினார்கள். "ஒன்னாலதான் தெரு பின்னாடி போவணும்" என்றார் நாட்டாண்மை. "போவலாம்" என்றார் சின்னண்ணன். மேட்டுத் தெருக்காரர்கள் கரிக்காரனைத் தோளில் தூக்கப் போனார்கள். அவன் அவர்களை விலக்கிவிட்டு எங்களிடம் வந்தான். அவன் பிடித்திருந்த கம்பின் முனை ஆடி ஆடிச் சுண்ணாம்பு அவன் கால்மேலேயே சொட்டியது. "நல்லதாப் போச்சு அண்ணாத்தே" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

அந்த வருஷம் எங்கள் தெரு தேருக்குப் பின்னால் போனது. சின்னண்ணனுக்குக் 'கால்வா வாயன்' என்று பெயர் வந்தது. ஷாப்பில் அவர் தொட்டியைத் தாண்டிப் போகிறவர்கள் வாயைக் குவித்துக் கொப்பளித்துக் காட்டினார்கள். அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. என்னிடமும் பேசவில்லை. சோறு வேண்டும் என்றால்கூட அண்ணியைப் பார்த்துத்தான் சொல்வார். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் என்னைப் பார்த்துத் தம் இருக்குதா என்று கேட்காத ஒவ்வொரு காலையும் எனக்கு என்னவோ போலிருந்தது. அந்தக் கேள்வி பேஜார் என்று எத்தனை நாள் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்கழி பிறந்து பனி இறங்க ஆரம்பித்த ஒரு விடியலில் அடுப்படிக்கு வந்து என் முன்னால் பீங்கான் கிண்ணத்தை நீட்டினார்.

"புடி."

"கன்னியப்பன் இல்லியா?"

"அவன் எனுக்குப் பயப்படுவான். நீ பயப்படமாட்ட" என்றார். "மைதானத்துக்கு வா."

ஆண்கள் கம்போடு நிற்கிற இடத்தில் நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். கன்னியப்பன் என்னை முறைத்தான். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோர் வாயிலும் பட்டைத்தண்ணி இருந்தது.

முதல் நாள் சின்னண்ணன் எல்லோருக்கும் கடைசியாகத் திரும்பி வந்தார். என் முன்னால் நின்று, இல்லை என்று தலையாட்டினார். கம்பைத் தொடாமல் நேராக ஷாப்புக்குப் போனார். மறுநாளும் அப்படித்தான். மார்கழி முழுக்க, தையிலும் பாதி, ஒவ்வொரு காலையும் அத்தனை பேர் பார்க்க வந்து நின்று தலையாட்டிவிட்டுப் போனார். நான் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முடி அலசப் போவேன். இவருக்கு மூச்சு திரும்பாமலே போய்விடுமோ என்று பயம் இருந்தது. அவர் நடையைப் பார்த்தால் அந்தப் பயம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு நாள் அவர் வந்து நின்றார், தலையாட்டவில்லை. கன்னம் உப்பியிருந்தது. தோள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினேன். குனிந்து, மெதுவாக, ஒரு சொட்டும் வெளியே போகாமல் துப்பினார். பிறகு என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். ஒருவரும் சொல்லாமலே இரண்டு பேரும் தலையைக் குனிந்து கிண்ணத்துக்குள் தேடினோம். வெளிச்சம் படும்படி அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தோம்.

பட்டைத்தண்ணி மட்டும்தான் இருந்தது.